கடலடிச் சேறு கூறும் வரலாறு

பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு, வேதியியல்

முன்னுரை

மன்னர்களின் வரலாற்றை அறியக் கல்வெட்டும் செப்பேடும் உள்ளன. ஊர்களின் வரலாற்றை அறியப் பழைய நிலப்படங்களும் பதிவேடுகளும் உள்ளன. கடலின் வரலாற்றை அறிய நம்மிடம் இருப்பது யாது? கடல்நீர் ஓரிடத்தில் நிற்பதன்று. இன்று ராயபுரம் கரையில் மோதும் நீர் நாளை எங்கிருக்கும் என்று எவராலும் கூற இயலாது. ஆழ்கடலில் வெப்பமானியை இறக்கி முறையாக அளக்கும் வழக்கமும் மிகப் பழையதன்று. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய 'சேலஞ்சர்' என்னும் ஆங்கிலக் கப்பலே அதனை விரிவாகத் தொடங்கி வைத்தது எனலாம். அதாவது நமது அளவீடுகளின் வயது சுமார் 150 ஆண்டுகளே. கடலின் வயதோ கோடிக்கணக்கான ஆண்டுகள்.

எனினும் கடல் தன் வரலாற்றைத் தானே எழுதி வைத்திருக்கிறது. அது எழுதப்பட்டிருக்கும் ஏடு, கடலடியில் படிந்துள்ள சேறு. பாய்மரக் கப்பல் காலத்து மாலுமிகள் ஆழம் பார்க்க ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கினர். அக்குண்டின் அடியில் கொழுப்பைத் தடவி அனுப்புவது வழக்கம். கொழுப்பில் ஒட்டிக்கொண்டு வரும் மணலையும் சேற்றையும் சிப்பித் தூளையும் பார்த்துத் தாம் எங்கே இருக்கிறோம் என்று அவர்கள் தெரிந்துகொண்டனர். 'எங்கே' என்ற கேள்விக்கு அன்று விடை கூறிய சேறு, 'எப்போது', 'எப்படி' என்ற கேள்விகளுக்கும் இன்று விடை கூறுகிறது. அக்கலையை வட துருவத்துக்கு அருகில் நம் நாட்டு அறிவியலாரும் பயன்படுத்தி வருகின்றனர். அதனை விளக்குவதும், அதனால் டோல்கேட்டிலும் எண்ணூரிலும் வாழும் நமக்கு என்ன பயன் என்று ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வடகோடியில் ஓர் இந்திய நிலையம்

நார்வேயின் வடக்கே, ஆர்க்டிக் கடலில் ஸ்வால்பார்டு என்னும் தீவுக்கூட்டம் உள்ளது. அதில் மிகப் பெரிய தீவு ஸ்பிட்ஸ்பெர்கன். அத்தீவின் மேற்குக் கரையில், ஏறத்தாழ 79 டிகிரி வட அட்சரேகையில், கோங்ஸ்ஃபியார்டன் என்னும் ஒடுங்கிய கடற்பகுதி நிலத்துக்குள் நுழைந்து கிடக்கிறது. நமது சென்னை 13 டிகிரியில் இருப்பதை நினைவிற்கொண்டால் தொலைவு விளங்கும். பனியாறுகள் மலையைக் குடைந்து தோண்டிய பள்ளத்தாக்கில் பின்னர் கடல்நீர் புகுந்து நிரம்பினால் அதற்கு ஃபியார்டு என்று பெயர். கோங்ஸ்ஃபியார்டன் சுமார் 20 கிலோமீட்டர் நீளமும், 4 முதல் 10 கிலோமீட்டர் வரை அகலமும் உடையது. அதன் தலைப்பகுதியில் குரோனேபிரீன், கோங்ஸ்வேகன் முதலிய பனியாறுகள் நேரே கடலில் வந்து முடிகின்றன.

இந்த ஃபியார்டின் கரையிலுள்ள நை-ஓலசுந்த் என்னும் சிற்றூர் முன்பு நிலக்கரிச் சுரங்க ஊராக இருந்தது. 1962-இல் நிகழ்ந்த பெரும் சுரங்க விபத்துக்குப் பின் சுரங்கம் மூடப்பட்டது. பின்னர் அது பல நாடுகளின் ஆய்வு நிலையங்கள் அமைந்த அறிவியல் ஊராக மாறிற்று. 1920-ஆம் ஆண்டு ஸ்வால்பார்டு உடன்படிக்கையில் அன்றைய இந்தியாவும் இடம்பெற்றிருந்தது. ஆயினும் இந்தியாவின் முதல் ஆர்க்டிக் ஆய்வுப் பயணம் 2007-இல்தான் நிகழ்ந்தது. 2008 ஜூலை 1-ஆம் நாள் 'ஹிமாத்ரி' என்னும் இந்திய ஆய்வு நிலையம் நை-ஓலசுந்தில் திறக்கப்பட்டது. கோவாவிலுள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் இதனை நடத்தி வருகிறது.

இதில் சென்னைக்கும் பங்குண்டு என்பது நாம் பெருமைப்படத்தக்கது. 2014 ஜூலை 23-ஆம் நாள் கோங்ஸ்ஃபியார்டனில் 192 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் 'இண்டார்க்' என்னும் நங்கூரமிட்ட கருவித்தொடர் இறக்கப்பட்டது. நீரின் வெப்பநிலை, உப்புத்தன்மை, நீரோட்டம் முதலியவற்றை ஆண்டு முழுவதும் அது பதிவு செய்யும். அதனை உருவாக்கிய நிறுவனங்களுள் ஒன்று, பள்ளிக்கரணையில் இயங்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனமாகும்.

ஃபியார்டைத் தேர்ந்தெடுத்தது ஏன்?

உலகில் எத்தனையோ கடல்கள் இருக்க, இச்சிறு ஃபியார்டின் மேல் இத்தனை நாடுகளுக்கும் ஏன் அக்கறை? அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, இது இரண்டு நீர்கள் சந்திக்கும் இடம். அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து வெப்பமும் உப்பும் மிகுந்த நீர், மேற்கு ஸ்பிட்ஸ்பெர்கன் நீரோட்டம் என்ற பெயரில் வடக்கு நோக்கிச் செல்கிறது. கரையை ஒட்டிக் குளிர்ந்த ஆர்க்டிக் நீர் ஓடுகிறது. ஃபியார்டின் வாயிலில் தடுப்பாக உயர்ந்த திட்டு இல்லாமையால், சில காலங்களில் வெதுவெதுப்பான அட்லாண்டிக் நீர் உள்ளே நுழைந்துவிடுகிறது. மற்றைக் காலங்களில் குளிர்நீரும் பனியுருகு நீருமே ஆட்சி செலுத்துகின்றன. 2006-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அட்லாண்டிக் நீர் மிகுதியாகப் புகுந்ததிலிருந்து, முன்பு குளிர்காலத்தில் உறைந்து கிடந்த இந்த ஃபியார்டில் கடற்பனி வெகுவாகக் குறைந்துவிட்டது. பெருங்கடலில் நிகழும் மாற்றத்தை இச்சிறு நீர்நிலை உடனே காட்டிவிடுகிறது.

இரண்டாவது, இங்கே சேறு மிக விரைவாகப் படிகிறது. நடுக்கடலில் ஆயிரம் ஆண்டுகளில் சில சென்டிமீட்டர் படிந்தாலே அதிகம். ஃபியார்டிலோ, பனியாறுகள் மலையை அரைத்து மாவாக்கிக் கொண்டுவந்து கொட்டுகின்றன. பனியாற்றின் முகப்பில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரும், வாயிலை நோக்கிச் செல்லச் செல்ல ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவிலும் படிகிறது. நடுக்கடலில் ஒரு நூற்றாண்டு ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடலாம். ஃபியார்டில் அதே நூற்றாண்டு ஒரு சாண் உயரம் இருக்கும். ஏடு பெரிதானால் எழுத்தும் தெளிவாகத் தெரியுமன்றோ?

சேற்றை எடுக்கும் முறை

அடுக்கு கலையாமல் சேற்றை எடுப்பதே இவ்வாய்வின் முதற்படி. நுனியில் கூர்மையும் தலையில் பெரும் எடையும் கொண்ட நீண்ட குழாயைக் கப்பலிலிருந்து கம்பிவடத்தில் இறக்குவர். அது தன் எடையாலேயே சேற்றில் செங்குத்தாக இறங்கும். மேலே தூக்கும்போது குழாயின் வாயிலுள்ள தடுப்பு, சேறு நழுவாமல் பிடித்துக்கொள்ளும். இதனைப் புவியீர்ப்புத் துளைக்குழாய் எனலாம். மிக மேலடுக்கைக் கலைக்காமல் எடுப்பதற்குப் பெட்டி போன்ற கருவிகளும், பல குழாய்களை ஒருங்கே மெல்ல இறக்கும் கருவிகளும் உள்ளன.

கரைக்கு வந்த சேற்றுத்தண்டை நெடுக்காக இரண்டாகப் பிளப்பர். ஒரு பாதியைக் காப்பகத்தில் பாதுகாத்து, மறுபாதியை ஒரு சென்டிமீட்டர் அல்லது அதற்கும் குறைந்த கனமுள்ள வில்லைகளாக அறுப்பர். ஒவ்வொரு வில்லைக்கும் ஓர் எண் இடப்படும். மேலே இருப்பது புதியது, கீழே இருப்பது பழையது என்பது நிலவியலின் அடிப்படை விதி. எவ்வளவு பழையது என்பதே அடுத்த கேள்வி.

வயதைக் கணிப்பது எப்படி?

இங்கேதான் நாம் வகுப்பில் படிக்கும் கதிரியக்கச் சிதைவு கைகொடுக்கிறது. மண்ணிலுள்ள ரேடியத்திலிருந்து ரேடான் என்னும் வாயு வெளிப்பட்டுக் காற்றில் கலக்கிறது. அது சிதைந்து இறுதியில் ஈயம்-210 ஆகி, மழையோடும் தூசியோடும் கடலில் விழுந்து சேற்றோடு படிகிறது. இதன் அரை ஆயுட்காலம் சுமார் 22.3 ஆண்டுகள்.

எடுத்துக்காட்டாக, ஒரு தண்டின் மேற்பரப்பில் இவ்வாறு வந்து சேர்ந்த ஈயம்-210-இன் செயல்திறன் 80 அலகுகள் என்றும், 9 சென்டிமீட்டர் ஆழத்தில் 20 அலகுகள் என்றும் கொள்வோம். 80 பாதியானால் 40, மீண்டும் பாதியானால் 20. ஆகவே இரண்டு அரை ஆயுட்காலங்கள், அதாவது ஏறத்தாழ 45 ஆண்டுகள் கழிந்துள்ளன. 45 ஆண்டுகளில் 9 சென்டிமீட்டர் என்றால், ஆண்டுக்கு 2 மில்லிமீட்டர் படிந்திருக்கிறது. கணக்கு இவ்வளவே. ஐந்தாறு அரை ஆயுட்காலங்களுக்குப் பின் எஞ்சுவது மிகச் சிறிதாகிவிடுவதால், இம்முறை சுமார் 100 முதல் 130 ஆண்டுகள் வரையே பயன்படும்.

இதனைச் சரிபார்க்க மற்றொரு சாட்சி உண்டு. சீசியம்-137 இயற்கையில் இல்லாத பொருள். 1950-களின் அணுகுண்டுச் சோதனைகளால் உலகெங்கும் பரவி, 1963-ஐ ஒட்டி உச்சத்தை அடைந்தது. எனவே அது மிகுதியாகக் காணப்படும் அடுக்கு 1963-ஐச் சேர்ந்தது என்று கொள்ளலாம். ஐரோப்பாவின் சில பகுதிகளில் 1986-இல் நிகழ்ந்த செர்னோபில் விபத்தும் இரண்டாவது முத்திரையைப் பதித்திருக்கிறது.

ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குக் கார்பன்-14 உதவுகிறது. இதன் அரை ஆயுட்காலம் 5,730 ஆண்டுகள். இம்முறையைக் கண்டவர் வில்லார்டு லிபி. இதற்காக 1960-இல் நோபல் பரிசு பெற்றார். கடல் உயிரிகளில் ஒரு சிக்கல் உண்டு. ஆழ்கடல் நீர் நெடுங்காலம் காற்றோடு தொடர்பின்றி இருப்பதால், அதிலுள்ள கார்பன் முன்பே 'வயதானது'. இன்று வாழும் சிப்பியைச் சோதித்தாலும் அது ஏறத்தாழ 400 ஆண்டுப் பழையது போலத் தோன்றும். இத்திருத்தத்தைக் கழிக்காமல் வயது கூறினால் வரலாறே பிறழ்ந்துவிடும்.

சேற்றிலுள்ள சாட்சிகள்

வயது தெரிந்த பின், ஒவ்வோர் அடுக்கிலும் கடல் எவ்வாறு இருந்தது என்று விசாரிக்க வேண்டும். சாட்சிகள் பல.

முதல் சாட்சி மண் துகள். பனியாற்றின் உருகுநீர் நுண்ணிய களிமண்ணையே தொலைவுக்குச் சுமந்து செல்லும். அக்களிமண்ணின் நடுவே பருமணலும் கூழாங்கல்லும் கிடந்தால் அவை எவ்வாறு வந்தன? மிதக்கும் பனிப்பாறைகள் சுமந்து வந்து, உருகும்போது கீழே போட்டிருக்க வேண்டும். ஆகவே சல்லடையில் தங்கும் பருமணலின் அளவு, பனிப்பாறைகளின் நடமாட்டத்தைக் கூறும். நிறமும் பேசும். ஃபியார்டின் உட்பகுதிப் பனியாறுகள் பழைய செம்மணற்கல்லை அரைத்துச் செந்நிறச் சேற்றைக் கொணர்கின்றன. செந்நிறம் எவ்வளவு தொலைவு பரவியது என்பது உருகுநீரின் வலிமைக்கு அளவுகோல்.

இரண்டாம் சாட்சி, ஃபோராமினிஃபெரா எனப்படும் ஒருசெல் உயிரிகள். பெரும்பாலானவை மணற்பருக்கையின் அளவே உள்ளவை. சுண்ணாம்பினால் அழகிய அறைகள் கொண்ட கூடு கட்டிக்கொள்பவை. உயிரி மடிந்தாலும் கூடு சேற்றில் தங்கிவிடும். ஒவ்வோர் இனமும் தனக்கேற்ற நீரையே விரும்பும். காசிடுலினா ரெனிஃபார்மே, எல்ஃபிடியம் எக்ஸ்கவேட்டம் ஆகியவை பனியாற்றின் அருகே, கலங்கிய குளிர்நீரிலும் வாழும். நோனியோனெல்லினா லாப்ரடோரிகா உணவு மிகுந்த நீரை நாடும். அட்லாண்டிக் நீரும் ஆர்க்டிக் நீரும் சந்திக்கும் எல்லைப்பகுதிகளில் அது பெருகும். ஓர் அடுக்கில் எந்த இனம் எத்தனை என்று எண்ணினால், அன்றைய நீரின் இயல்பு தெரிந்துவிடும். நெய்தல் நிலத்துக்குரிய பறவையைக் கண்டால் கடற்கரை அருகில் என்று நாம் உணர்வதில்லையா? அது போன்றதே இதுவும்.

மூன்றாம் சாட்சி, அக்கூட்டின் வேதியியல். ஆக்சிஜனில் 16 என்ற நிறையுள்ள அணுக்களே மிகுதி. 18 என்ற நிறையுள்ளவை ஏறத்தாழ ஆயிரத்துக்கு இரண்டு. நீர் குளிர்ந்தால் சுண்ணாம்புக் கூட்டில் கனமான ஆக்சிஜனின் பங்கு சற்றே கூடும். இக்கருத்தை 1947-இல் ஹரால்டு யூரே வெளியிட்டார். 1955-இல் செசாரே எமிலியானி இதனைக் கடலடிப் படிவுகளுக்குப் பயன்படுத்திப் பனியூழிகளின் ஏற்ற இறக்கத்தைக் காட்டினார். கூட்டில் கனமான ஆக்சிஜன் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடினால், நீர் ஏறத்தாழ 4 டிகிரி குளிர்ந்தது என்று பொருள். இதற்குத் துணையாக, வெப்பம் கூடினால் கூட்டில் மக்னீசியம் கூடும் என்ற உண்மையும் பயன்படுகிறது.

நான்காம் சாட்சி மிகவும் வியப்பானது. கடற்பனியின் அடிப்பரப்பில் வாழும் சில டயாட்டம் பாசிகள், 25 கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு தனிப்பட்ட ஹைட்ரோகார்பனை உண்டாக்குகின்றன. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சைமன் பெல்ட்டும் அவர்தம் குழுவினரும் 2007-இல் இதனைக் கடற்பனியின் அடையாளமாக அறிவித்து, ஐ.பி.25 என்று பெயரிட்டனர். பனி உருகி மறைந்து ஆயிரம் ஆண்டுகள் ஆன பின்னும், அங்கே பனி இருந்தது என்று சேற்றிலுள்ள ஒரு மூலக்கூறு சான்று கூறுகிறது.

சாட்சிகள் முரண்பட்டால்

நீதிமன்றத்தில் ஒரே சாட்சியை நம்பித் தீர்ப்பு வழங்குவதில்லை. இங்கும் அவ்வாறே. ஆக்சிஜன் சாட்சியையே எடுத்துக்கொள்வோம். பனியாற்றின் உருகுநீரில் இலேசான ஆக்சிஜன் மிகுதி. அந்நீர் கலந்தால் கூட்டிலும் இலேசான ஆக்சிஜன் மிகும். அதைப் பார்த்து ஒருவர் 'நீர் வெப்பமாயிற்று' என்று எழுதக்கூடும். உண்மையில் வெப்பநிலை மாறாமலே இருந்திருக்கலாம். உருகுநீரால் நீரின் இயல்பு ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினாலே, 4 டிகிரி வெப்பம் கூடியது போன்ற பொய்த்தோற்றம் ஏற்படும். மக்னீசியத்தையும் உயிரினங்களையும் உடன்வைத்துப் பார்த்தால்தான் மெய் புலப்படும்.

ஐ.பி.25 இல்லாத அடுக்கும் அத்தகையதே. பனியே இல்லாவிடினும் அது இராது. ஒளியே புகாத நிலைத்த தடித்த பனி மூடியிருந்தாலும் இராது. இரண்டும் நேர் எதிரான நிலைகள். திறந்த நீரில் வாழும் பாசிகளின் அடையாளத்தையும் தேடினால் இரண்டில் எது என்று விளங்கும். அங்ககக் கார்பனிலும் இக்குழப்பம் உண்டு. சேற்றில் கார்பன் மிகுந்தால் கடலில் உயிர்வளம் செழித்தது என்று கருதுவது இயல்பு. கோங்ஸ்ஃபியார்டனைச் சுற்றியுள்ள பாறைகளில் நிலக்கரி உள்ளது. அது அரிக்கப்பட்டு வந்து சேர்ந்தால், கோடிக்கணக்கான ஆண்டுகட்கு முந்திய காட்டின் கார்பன் நேற்றைய கடலின் கணக்கில் ஏறிவிடும்.

இவை தவிர, புழுக்கள் சேற்றைத் துளைத்து அடுக்குகளைக் கலக்கின்றன. சரிவிலுள்ள சேறு சில வேளை சரிந்து ஒரே நாளில் ஒரு முழம் படிந்துவிடுகிறது. பனியாறுகள் திடீரெனப் பாய்ந்து முன்னேறுவதும் உண்டு. கோங்ஸ்வேகன் பனியாறு 1948-ஐ ஒட்டி அவ்வாறு பாய்ந்தது. இவற்றையெல்லாம் இனங்கண்டு ஒதுக்கிய பின்னரே வரலாற்றை எழுத வேண்டும். ஆய்வாளரின் உழைப்பில் பெரும்பகுதி ஐயப்படுவதிலேயே கழிகிறது என்பது மாணவராகிய நாம் கற்க வேண்டிய பாடம்.

இண்டார்க் போன்ற கருவியின் அருமை இங்குதான் விளங்கும். இன்றைய நீரின் வெப்பத்தைக் கருவி அளக்கிறது. இன்று படியும் சேற்றை ஆய்வாளர் சோதிக்கின்றனர். இரண்டையும் ஒப்பிட்டால், சேற்றின் எந்தக் குறி எந்த வெப்பத்தைக் குறிக்கிறது என்ற அகராதி கிடைக்கிறது. அந்த அகராதியைக் கொண்டே பழைய அடுக்குகளைப் படிக்க முடியும்.

சேறு கூறிய செய்தி

ஸ்வால்பார்டின் மேற்குக் கரையில் கிடைத்த சான்றுகள் இவ்வாறு கூறுகின்றன. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் இந்த ஃபியார்டுகள் பனியால் நிரம்பியிருந்தன. பின்னர் பனி பின்வாங்கிக் கடல் உட்புகுந்தது. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் நிலவிய காலம் வெதுவெதுப்பானது. குளிர் தாங்காத நீல மட்டி என்னும் சிப்பியினம் அப்போது அங்கே வாழ்ந்தது. கடல் மீண்டும் குளிர்ந்தபோது அது மறைந்துவிட்டது. அண்மை நூற்றாண்டுகளின் 'சிறு பனியூழி'யில் பனியாறுகள் மிகவும் முன்னேறி, 1900-ஐ ஒட்டி உச்ச நிலையை அடைந்தன. அதன் பின் பின்வாங்கத் தொடங்கின. 2004-இல் அதே நீல மட்டி ஸ்வால்பார்டில் மீண்டும் உயிருடன் காணப்பட்டது.

2011-இல் ராபர்ட் ஸ்பீல்ஹாகனும் குழுவினரும், ஸ்வால்பார்டின் மேற்கே எடுத்த சேற்றுத்தண்டை ஆராய்ந்து, அங்கு நுழையும் அட்லாண்டிக் நீரின் இன்றைய வெப்பம் கடந்த 2,000 ஆண்டுகளில் காணப்படாதது என்று அறிவித்தனர். 'கடல் எப்போதும் மாறிக்கொண்டுதானே இருக்கிறது' என்று கூறுவோர் உண்டு. மாறிக்கொண்டிருந்தது உண்மையே. எந்த எல்லைக்குள் மாறியது, இன்று அந்த எல்லையைத் தாண்டிவிட்டதா என்று கூறச் சேற்றைத் தவிர வேறு சாட்சி இல்லை.

நமக்கு என்ன பயன்?

'வட துருவத்துச் சேற்றால் வண்ணாரப்பேட்டைக்கு என்ன?' என்று நண்பர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அனில் குப்தா, அமெரிக்க ஆய்வாளர் இருவருடன் இணைந்து 2003-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஓமன் கரைக்கு அப்பால் அரபிக்கடலடியில் எடுத்த சேற்றில், பருவக்காற்றின் வலிமைக்கேற்பப் பெருகும் ஃபோராமினிஃபெரா ஒன்றை அவர்கள் எண்ணினர். வட அட்லாண்டிக் குளிர்ந்த காலங்களில் எல்லாம் நமது தென்மேற்குப் பருவக்காற்று தளர்ந்திருந்தது என்று கண்டனர். அங்கே கடலில் நேர்வது இங்கே வயலிலும் ஏரியிலும் தெரிகிறது. பனியாறுகள் உருகிக் கடல்மட்டம் உயர்ந்தால் அதன் முதல் அலை மோதும் இடங்களில் நம் காசிமேடும் திருவொற்றியூரும் அடங்கும். இங்குக் கடலரிப்பு ஏற்கெனவே உண்டு. 1875-இல் தொடங்கிய துறைமுகப் பணியில் எழுந்த அலைதடுப்புச் சுவர்கள், வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்தன. தெற்கே மெரினா விரிந்தது. வடக்கே ராயபுரம் முதல் நம் கரை தேய்ந்தது. கருங்கல் கொட்டிக் காக்கும் கரைக்கு உயரும் கடல் மேலும் ஒரு சுமையாகும்.

இரண்டாவது பயன் இன்னும் அருகிலுள்ளது. எண்ணூர்க் கழிமுகத்தின் சேறும் ஓர் ஏடுதான். கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் அவ்விடத்தில் இறாலும் நண்டும் பிடித்து வாழும் குடும்பங்கள் பல. 'முன்பு ஆழம் இவ்வளவு இருந்தது, உப்பு இவ்வளவு இருந்தது, இன்ன மீன் கிடைத்தது' என்று முதியோர் கூறுவர். எழுத்து வடிவில் சான்று கேட்டால் அவர்களிடம் இராது. சேற்றில் அது இருக்கக்கூடும். அனல்மின் நிலையச் சாம்பலில் நுண்ணிய கண்ணாடி உருண்டைகள் உள்ளன. நுண்ணோக்கியில் அவற்றை எளிதில் இனங்காணலாம். எண்ணூரில் அனல்மின் உற்பத்தி 1970-இல் தொடங்கியது. ஆகவே அவ்வுருண்டைகள் திடீரெனப் பெருகும் அடுக்கு ஏறத்தாழ அவ்வாண்டைக் குறிக்க வேண்டும். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை, களிமண்ணின் நடுவே ஒரு மணல் அடுக்கை விட்டுச் சென்றிருக்கலாம். 2017 ஜனவரி 28-ஆம் நாள் கப்பல்கள் மோதியதால் எண்ணூர்க் கடலில் பரவிய எண்ணெயும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் பரவிய எண்ணெயும் தம் ஹைட்ரோகார்பன்களைப் பதித்திருக்கக்கூடும். இந்த அடையாளங்களுக்குக் கீழே இருப்பது, தொழிற்சாலைகள் வருமுன் இருந்த கழிமுகம். அங்குள்ள ஃபோராமினிஃபெராவை மேலடுக்கிலுள்ளவற்றோடு ஒப்பிட்டால், இழந்தது என்ன என்பதை எண்ணிக்கையால் கூறலாம். கழிமுகத்தைச் சீர்செய்ய வேண்டும் என்று எல்லோரும் கூறுகின்றனர். எந்த நிலைக்குச் சீர்செய்வது என்று கூற அந்த அளவுகோல் வேண்டும்.

இதில் ஒரு அவசரமும் இருக்கிறது. ஆர்க்டிக்கின் சேறு இன்னும் நூறாண்டு காத்திருக்கும். நம் கழிமுகத்தின் சேறு காத்திராது. தூர்வாரும் இயந்திரம் ஒரே நாளில் நூறாண்டு அடுக்குகளைக் கலக்கிவிடும். தூர்வாருவது தேவையான பணியே. மீனவர்களும் அதனைக் கேட்கின்றனர். அதற்கு முன்பாக ஆங்காங்கே சில தண்டுகளை எடுத்து எண்ணிட்டுக் காப்பகத்தில் வைத்துவிட்டால், பணியும் நடைபெறும், ஏடும் பிழைக்கும்.

முடிவுரை

ஈயம்-210-ஐ அளக்கும் கருவி நம் கல்லூரியில் இல்லை. ஆயினும் சல்லடை இருக்கிறது, உலர்த்தும் அடுப்பு இருக்கிறது, நுண்ணோக்கி இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் குழாயை இறக்கி, அலையாத்தி ஓரத்தில் அரை மீட்டர்ச் சேற்றை எடுக்கப் பெரும் செலவு ஆகாது. சேற்றைக் கழுவி, துகளை அளந்து, கூடுகளை எண்ணி, நீர்த்த அமிலத்தால் சுண்ணாம்பின் அளவைக் கணக்கிடுவது முதலாண்டுச் செய்முறைப் பயிற்சிக்கு உட்பட்டதே. வேதியியல், விலங்கியல், புவியியல் துறைகள் சேர்ந்து, உரிய அனுமதியுடனும் கழிமுகத்தை நன்கறிந்த மீனவப் பெரியோர் துணையுடனும், ஆண்டுக்கு ஒரு தண்டு என்று தொடங்கலாம். வயது காணும் சோதனைக்குப் பெரிய ஆய்வகங்களின் உதவியை நாடலாம். பேராசிரியப் பெருமக்கள் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டுகிறேன்.

நம்மில் பலர் தத்தம் வீட்டின் முதல் பட்டதாரிகளாகப் போகிறவர்கள். ஆராய்ச்சி என்பது எங்கோ, யாரோ செய்வது என்ற எண்ணம் நமக்கு எளிதில் வந்துவிடும். பள்ளிக்கரணையில் உருவான கருவி 79 டிகிரி வடக்கில் கடலுக்குள் இறங்கியிருக்கிறது. டோல்கேட்டிலிருந்து எண்ணூர்க் கழிமுகம் பேருந்து போகும் தூரம்தான்.